பிரஷர் போக வழி இருக்கிறதா? சுத்திகரிப்பு ஆலைக்குப் புதிதாக வருபவர்கள் பார்க்க வேண்டியவை

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் முதல் நாள் நுழையும்போது ஹெல்மெட், கண்ணாடி, ஷூ எல்லாம் கொடுத்து ஒரு வீடியோவும் போட்டுக் காட்டிவிடுவார்கள். கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கு, போன் பார்த்துக்கொண்டே நடக்காதே. எல்லாம் சரிதான். ஆனால் சுற்றிலும் நிற்கும் காலம் எனும் உயரமான கோபுரக் கலன், ட்ரம், வெப்பம் மாற்றும் எக்ஸ்சேஞ்சர், உருண்டை டேங்க் இவற்றுக்குள் என்ன அடைபட்டுக் கிடக்கிறது, அளவு மீறினால் அது எந்த வழியாக வெளியே போகும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. போகப் போகத் தெரிந்துகொள்வாய் என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இந்தத் துறையில் விதிமீறல் பார்ப்பதற்கு விதிமீறல் மாதிரியே இருக்காது, உதவி மாதிரி இருக்கும். சொட்டுகிற ஓட்டைக்கு ஒரு பிளக். ஓயாமல் அலறும் அலாரத்துக்கு ஒரு பைபாஸ். கசியும் குழாய்க்கு ‘இப்போதைக்கு’ ஒரு கிளாம்ப். செய்தவர் கெட்டவர் அல்ல, பெரும்பாலும் யூனிட்டிலேயே கெட்டிக்காரர் அவராகத்தான் இருப்பார். அதனால்தான் அது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. உங்கள் கண் இன்னும் பழகவில்லை. முதல் சில மாதங்களுக்கு அது பெரிய சொத்து. அந்தக் காலத்தில் எதைப் பார்ப்பது, பார்த்ததை யாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு நிபந்தனை முதலிலேயே. பாருங்கள், கேளுங்கள், எழுதுங்கள். நீங்களாக எந்த வால்வையும் திருப்பாதீர்கள், எந்தப் பிளக்கையும் கழற்றாதீர்கள். தவறு என்று நூறு சதவீதம் தெரிந்தாலும் கூடாது.

முதல் படி: நேம் பிளேட்டைப் படியுங்கள்

உங்கள் யூனிட்டில் இருக்கும் ஒவ்வொரு அழுத்தக் கலனிலும் ஒரு உலோகத் தகடு இருக்கும். அதில் அதிகபட்ச அனுமதி அழுத்தம் இருக்கும், இதை எல்லோரும் எம்ஏடபிள்யூபி என்பார்கள். அதற்குரிய வெப்பநிலை, தயாரித்த வருடம், வரிசை எண், பல இடங்களில் சுவரின் தடிமனும் இருக்கும். இரண்டு மூன்று கோட் பெயின்ட் அடித்து எழுத்தே தெரியாமல் போயிருந்தாலோ, இன்சுலேஷன் முழுதாக மூடியிருந்தாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டைப் படிக்க முடியாத கலனின் எல்லை என்னவென்று அங்கே நிற்கும் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த எண்ணை கன்ட்ரோல் ரூமில் காட்டும் ஓட்டும் அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். நாளாக நாளாக உற்பத்தியைக் கூட்டிக் கூட்டி, அலாரம் அடிக்கும் எல்லைக்கு ஒரு முழம் கீழேயே ஓட்டிக்கொண்டிருக்கும் யூனிட்கள் உண்டு. கலன் பழசாகி, சுவர் மெலிந்து, அதன் எல்லையைக் குறைத்திருந்தால் தகட்டில் இருப்பது பழைய எண்தான். புதிய எண் இன்ஸ்பெக்‌ஷன் பதிவேட்டில் இருக்கும். இதைக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். புதியவர், படிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அலகு விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒரே யூனிட்டில் பார், கிலோ, பிஎஸ்ஐ மூன்றும் கலந்து கிடக்கும். கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ, பிஎஸ்ஐ என்றால் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. 1 பார் என்பது ஏறக்குறைய 1.02 கிலோ, 14.5 பிஎஸ்ஐ. பாருக்கும் கிலோவுக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் பிஎஸ்ஐ கேஜை பார் என்று நினைத்துப் படித்தால் கதையே வேறு.

‘கேஜ் ஜீரோ காட்டுகிறது’ என்பது இந்தத் தொழிலில் மிக ஆபத்தான வாக்கியங்களில் ஒன்று. கேஜுக்குக் கீழே இருக்கும் சிறு வால்வு மூடியிருக்கலாம். அதற்குப் போகும் மெல்லிய குழாய் மெழுகாலோ கோக்காலோ அடைத்திருக்கலாம். ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம். 0 முதல் 40 பார் வரை காட்டும் கேஜில் அரை பார் என்பது ஊசியின் அகலம்கூட இருக்காது. ஆனால் அதே அரை பார் 24 அங்குல மேன்ஹோல் மூடியின் மேல் ஏறக்குறைய ஒன்றரை டன் எடையாக உட்கார்ந்திருக்கிறது. கடைசி போல்ட்டைக் கழற்றும்போது அந்த ஒன்றரை டன் உங்கள் முகத்தைப் பார்த்து வரும்.

இரண்டாவது படி: சேஃப்டி வால்விலிருந்து வானம்வரை நடங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு கலனைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிரஷர் அளவு மீறினால் வெளியே போக ஒரு வழி இருக்கும்: சேஃப்டி வால்வு. பிஎஸ்வி என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கலனிலிருந்து அந்த வால்வுவரை, வால்விலிருந்து குழாய் போய்ச் சேரும் இடம்வரை, முழு வழியையும் காலால் நடந்து, கண்ணால் தொட்டுப் பாருங்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஆஸ்மியின் விதிப்படி, கலனுக்கு ஒரே ஒரு வால்வு என்றால் அது திறக்கும் அழுத்தம் எம்ஏடபிள்யூபியைத் தாண்டக் கூடாது. முழுதாகத் திறந்து வெளியேற்றும்போதும் கலனுக்குள் அழுத்தம் அந்த எல்லையின் 110 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வெளியே தீ பிடித்த நிலைக்கு மட்டும் 121 சதவீதம்வரை அனுமதி. இந்தக் கணக்கெல்லாம் வழி அடைபடாமல் இருந்தால்தான் செல்லும்.

கலனுக்கும் பிஎஸ்விக்கும் நடுவே ஒரு வால்வு இருந்தால் அது திறந்த நிலையில் பூட்டப்பட்டோ, கார்சீல் எனும் எண் போட்ட சீல் போட்டோ இருக்க வேண்டும். சீல் அறுந்து தொங்குகிறதா? எண் இல்லாத ஏதோ ஒரு கம்பி சுற்றியிருக்கிறதா? சீல் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் இங்கே இருக்கும் எண்ணும் ஒன்றா? அந்த வால்வு கேட் வால்வாக இருந்து அதன் தண்டு நேராக மேல்நோக்கி நிற்கிறது என்றால் அதையும் எழுதுங்கள். உள்ளே கேட் தண்டிலிருந்து கழன்று விழுந்தால் வெளியே சக்கரம் ‘திறந்திருக்கிறது’ என்று காட்டும், உள்ளே வழி மூடிக் கிடக்கும். அதனால்தான் தண்டைப் படுக்கை வசத்தில் வைக்கச் சொல்கிறார்கள்.

பிஎஸ்வியின் மேலேயே ஒரு டேக் இருக்கும். திறக்கும் அழுத்தம், கடைசியாகச் சோதித்த தேதி, அடுத்த சோதனைத் தேதி. ஸ்பிரிங்கை யாரும் தொடாமல் இருக்கப் போட்ட ஈயச் சீல் இருக்கும். ஹைட்ரோடெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதிக்கும் சமயத்தில் வால்வு திறக்காமல் அழுத்திப் பிடிக்க ‘காக்’ என்று ஒரு திருகு போடுவார்கள். டெஸ்ட் முடிந்ததும் அதை எடுக்க மறந்தால் வால்வு வெறும் பொம்மை. உச்சியில் அப்படி ஒரு திருகு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது நான் அதிகமாகப் பார்த்த, பார்ப்பவர்கள் அதிகமாகத் தவறவிடும் ஒன்று. சில பிஎஸ்விகளுக்குள் பெல்லோஸ் என்று ஒரு மடிப்புக் குழல் இருக்கும். அந்த வகை வால்வின் பானட்டில், அதாவது ஸ்பிரிங் இருக்கும் மேல்பகுதியில், ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். பெல்லோஸ் ஓட்டையானால் அந்த வழியாக வாயு கசியும், துர்நாற்றம் வரும். என்ன செய்வார்கள்? நல்ல மனதோடு ஒரு பிளக்கை எடுத்து முறுக்கிவிடுவார்கள். ஒரு ஆலையில் பெயின்டர் ஒருவர், மழைத்தண்ணீர் போகுமே என்ற அக்கறையில், வரிசையாகப் பல வால்வுகளின் ஓட்டைகளை அடைத்து அழகாகப் பெயின்ட்டும் அடித்திருந்தார். கசிவு நின்றது, நாற்றம் நின்றது, எல்லோருக்கும் சந்தோஷம். அப்படி அடைத்த வால்வில் பெல்லோஸ் ஓட்டையானால் பானட்டுக்குள் அழுத்தம் ஏறி ஸ்பிரிங்கோடு சேர்ந்து வால்வை மூடிப் பிடிக்கும். திறக்க வேண்டிய அழுத்தத்தில் அது திறக்காது. இப்படி ஒன்றைக் கண்டால் கையை வைக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு காத்திருக்கலாம். டேக் எண்ணைக் குறித்துக்கொண்டு கீழே இறங்குங்கள்.

பிஎஸ்விக்குக் கீழே ரப்சர் டிஸ்க், அதாவது அழுத்தம் மீறினால் உடையும் மெல்லிய தகடு இருந்தால், டிஸ்க்குக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சின்ன கேஜ் இருக்கும். அது ஜீரோவில் இருக்க வேண்டும். அழுத்தம் காட்டினால் டிஸ்க்கில் ஊசித்துளை விழுந்திருக்கிறது. டிஸ்க் உடைவது இரண்டு பக்க அழுத்தத்தின் வித்தியாசத்தில். மேலேயும் அழுத்தம் சேர்ந்துவிட்டால், உடைய வேண்டிய நேரத்தில் உடையாது. அந்தச் சின்ன கேஜை யாரும் ரவுண்டில் படிப்பதே இல்லை என்பது என் அனுபவம்.

கடைசியாக, வழி எங்கே போய் முடிகிறது? வாயுவை எரித்துவிடும் ஃப்ளேருக்கா, மூடிய ட்ரம்முக்கா, திறந்த வெளிக்கா? 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் இருந்த பிபி ஆலையில், ஸ்டார்ட்டப் சமயத்தில் ஒரு கோபுரக் கலன் அளவுக்கு மீறி நிரம்பியது. சேஃப்டி வால்வுகள் திறந்தன, அவை தங்கள் வேலையைச் செய்தன. ஆனால் வழி போய்ச் சேர்ந்த இடம் ஃப்ளேர் அல்ல, வானத்தைப் பார்த்துத் திறந்திருந்த ஒரு பழைய பிளோடவுன் ட்ரம். கொதிக்கும் திரவம் அதன் உச்சியிலிருந்து நீரூற்று மாதிரி வழிந்து, ஆவி மேகமாகி, தீப்பிடித்தது. இறந்த 15 பேரும் அருகில் நிறுத்தியிருந்த தற்காலிக டிரெய்லர் அலுவலகங்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். ஆகவே வழியின் முடிவைப் பார்க்கும்போது, அதன் கீழே யார் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்றும் பாருங்கள்.

மூன்றாவது படி: திறக்கும் முன் ‘காலியா’ என்று கேளுங்கள்

குழாயையோ கலனையோ திறக்கும் வேலையில் உங்களை உதவிக்குக் கூப்பிடுவார்கள். ஸ்பேனரைப் பிடித்துக்கொள் என்பார்கள். சரி, பிடிக்கலாம். அதற்கு முன் நான்கு கேள்விகள் இருக்கின்றன.

எங்கெங்கே பிளைண்ட், அதாவது வழியை அடைக்கும் கெட்டித் தகடு, போட்டிருக்கிறது? மூடிய ஒரு வால்வை மட்டும் நம்பி மேன்ஹோலைத் திறப்பது விதிமீறல்தான், அதை எத்தனை பேர் எத்தனை வருடம் செய்திருந்தாலும். வால்வு உள்ளே கசியும். பிளைண்ட் பட்டியல் பர்மிட்டோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு பிளைண்டின் கைப்பிடியிலும் அளவும் பிரஷர் கிளாஸும் பொறித்திருக்க வேண்டும். பொறிப்பே இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் தகரம் மாதிரி வெட்டிய தகடு இரண்டு ஃபிளாஞ்சுக்கு (குழாய் முனைகளை போல்ட்டால் இணைக்கும் வட்ட விளிம்பு) நடுவே இருந்தால் அதைப் பிளைண்ட் என்று எண்ணாதீர்கள்.

என் பூட்டு எங்கே? எனர்ஜி வரும் எல்லா இடத்திலும் குழுவின் பூட்டு இருக்கும். வேலை செய்யும் ஒவ்வொருவரின் சொந்தப் பூட்டும் பூட்டுப் பெட்டியில் தொங்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். ‘நீ உதவிக்குத்தானே வந்தாய், உனக்கு எதற்குப் பூட்டு’ என்பது அடிக்கடி கேட்கும் வசனம். கை உங்களுடையது.

ட்ரெயினிலிருந்து, அதாவது அடியில் இருக்கும் வடிகாலிலிருந்து, என்ன வந்தது? ‘திறந்தோம், ஒன்றும் வரவில்லை’ என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. காலியாக இருக்கிறது, அல்லது ட்ரெயின் அடைத்துக் கிடக்கிறது. முதலில் நன்றாக வந்து, பிறகு குறைந்து, பிறகு நின்றது என்றால் ஓரளவு நம்பலாம். ஆரம்பத்திலிருந்தே ஒரு சொட்டும் வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள், இன்னொரு இடத்திலிருந்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

இந்த வரிசையில் இரண்டு வால்வு இருந்தால், எதை முதலில் திறப்பது? 1966 ஜனவரி 4 அன்று பிரான்ஸில் ஃபேசான் ஆலையில் ஒரு புரொபேன் உருண்டை டேங்கின் அடியிலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வால்வு. டேங்கை ஒட்டிய மேல் வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, கீழ் வால்வால் கட்டுப்படுத்துவதுதான் முறை. அடைத்துக்கொண்டால் மேல் வால்வை மூடிவிடலாம். அன்று வரிசை தலைகீழானது. ஓட்டம் நின்றதுபோல் தோன்றியதும் மேல் வால்வை இன்னும் திறக்க, அடைப்பு சட்டென்று விட்டது. கைப்பிடி கழன்றது, புரொபேன் கொட்டியது, குளிரில் கீழ் வால்வு உறைந்து நின்றது. பிறகு எழுந்த தீயில் டேங்க் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள். எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை, எந்தக் கையெழுத்தும் போலி இல்லை. இரண்டு கைப்பிடிகளின் வரிசைதான் மாறியது.

நான்குக்கும் பதில் கிடைத்து, ஃபிளாஞ்சைத் திறக்கும் நேரம் வந்துவிட்டதா? காற்று வரும் பக்கத்தில், பக்கவாட்டில் நில்லுங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், உங்கள் பக்கம் இருப்பதைக் கடைசியில். எந்த நட்டையும் முழுதாகக் கழற்றிவிடாமல், ஃபிளாஞ்ச் கொஞ்சம் வாய் திறக்கும்வரை காத்திருங்கள். உள்ளே மிச்சம் ஏதாவது இருந்தால் அது உங்களை விட்டு விலகிப் போகும், மறுபடி முறுக்கி மூடவும் முடியும். அவசரக்காரர்கள் நட்டுகளைச் சுழற்றிச் சுழற்றி வாளியில் போட்டுவிடுவார்கள்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இந்த வேலை பாதியில் நின்றால் இன்னும் கவனம். வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று, ஒரு பம்பின் சேஃப்டி வால்வைச் சோதனைக்காகக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மூடித் தகடு போட்டிருந்தார்கள், அது கசிவு தாங்கும் அளவுக்கு இறுக்கமாக இல்லை. அந்தச் செய்தி இரவு ஷிஃப்டில் பம்பை ஓட்ட முடிவெடுத்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். அதில் தொடங்கிய தீயில் 167 பேர் இறந்தார்கள். ஆகவே ஷிஃப்ட் மாறும்போது பேச்சோடு விடாமல், எது கழன்று கிடக்கிறது என்பதை இடத்துக்கே போய்க் காட்டி ஒப்படையுங்கள், கேட்டு வாங்குங்கள்.

நான்காவது படி: கசிவைப் பார்த்தால் கிட்டப் போகாதீர்கள்

கசிவு என்றால் எட்டிப் பார்க்கத் தோன்றும், மனித இயல்பு. இன்சுலேஷன் ஈரமாக இருக்கிறதே, பிரித்துப் பார்ப்போம் என்று தோன்றும். 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் உள்ள செவ்ரான் ஆலையில் அதைத்தான் செய்தார்கள். யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கசிவு எங்கே என்று தேடி இன்சுலேஷனை நீக்கினார்கள். கந்தக அரிப்பால் மெலிந்திருந்த அந்த 8 அங்குலக் குழாய் கிழிந்தது. ஆவி மேகத்துக்குள் சிக்கிய 19 பேரும் உயிர் தப்பியது அதிர்ஷ்டம்தான். புகையால் பாதிக்கப்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் மருத்துவ உதவி தேடியவர்கள் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர்.

கசிவு சின்னதா பெரியதா என்பது வெளியே தெரிவதை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாதவரை தூரமாக நில்லுங்கள், ரேடியோவில் சொல்லுங்கள், யூனிட்டை நிறுத்துவதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். கூட்டம் கூடுவதைத் தடுங்கள்.

‘அது எப்போதும் கசியும்ப்பா’ என்ற பதில் வந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் அனகார்ட்டஸில் டெசோரோ ஆலையில் 2010 ஏப்ரல் 2 அன்று ஒரு எக்ஸ்சேஞ்சர் வெடித்து 7 பேர் இறந்தார்கள். அந்த எக்ஸ்சேஞ்சர்களை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கசிவது பழகிப்போன விஷயமாக இருந்தது. கசிவைச் சமாளிக்கக் கூடுதல் ஆட்களைக் கூப்பிடுவதும் பழக்கமாகிவிட்டது, அன்றும் அப்படித்தான் அத்தனை பேர் அங்கே நின்றார்கள். உலோகமோ பல வருடமாக உயர் வெப்ப ஹைட்ரஜனால் உள்ளுக்குள் விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தாவது படி: ‘இப்போதைக்கு’ என்பதற்குத் தேதி கேளுங்கள்

குழாய்மேல் கிளாம்ப் கண்டால் அதற்கு ஒரு எண், போட்ட தேதி, எடுக்க வேண்டிய தேதி, இன்ஜினியர் ஒப்புதல் எல்லாம் இருக்க வேண்டும். எடுக்கும் தேதி இரண்டு ஷட்டவுனுக்கு முன்பே போய்விட்டதா? இது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே நடக்கிறது. ஹோஸ் போட்டு இரண்டு லைனை இணைத்திருப்பது, ஸ்டட் எனும் போல்ட் நட்டுக்குள் பாதிதான் ஏறியிருப்பது, ஒரே ஃபிளாஞ்சில் வெவ்வேறு வகை ஸ்டட்கள், இதெல்லாம் அதே குடும்பம்.

மாற்றம் எதுவானாலும் எம்ஓசி, அதாவது மாற்ற மேலாண்மைப் படிவம் இருக்க வேண்டும். ‘லைக் ஃபார் லைக்’, இருந்ததையேதான் மாற்றினோம் என்றால் தேவையில்லை. ஆனால் எல்போ ஒன்றை, அதாவது குழாயின் வளைவுத் துண்டை மாற்றினோம், உலோகம் மட்டும் வேறு என்றால் அது இருந்ததே அல்ல. 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோவில், இது சுத்திகரிப்பு ஆலை அல்ல, ரசாயன ஆலை, ஒரு ரியாக்டரைக் கழற்றிவிட்டு அந்த இடைவெளியைக் குறுக்காக ஒரு 20 அங்குலக் குழாயால் இணைத்து ஓட்டினார்கள். அதற்கு இருந்த ஒரே வரைபடம் ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் போட்டது. 28 பேர் இறந்தார்கள்.

ரிப்பேருக்குப் பின் டெஸ்ட் செய்யும்போதும் நில்லுங்கள், பாருங்கள். ஆஸ்மியின் எட்டாம் பகுதிப்படி தண்ணீர் டெஸ்ட் எம்ஏடபிள்யூபியின் 1.3 மடங்கில், காற்று டெஸ்ட் 1.1 மடங்கில். தண்ணீர் நிரப்பி வடிக்க நேரமாகும் என்று காற்றால் முடித்துவிட நினைப்பது சாதாரணமாக நடக்கும். தண்ணீர் அமுங்காது, கிழிந்தால் பீய்ச்சி அடித்து நின்றுவிடும். அழுத்தி வைத்த காற்று சுருட்டி வைத்த ஸ்பிரிங் மாதிரி, அதே அழுத்தத்தில் அதன் சேமிப்பு ஆற்றல் நூறு மடங்குக்கும் மேல். காற்று டெஸ்ட்டுக்குத் தனி ஒப்புதலும், சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லாத எல்லையும் இல்லாவிட்டால் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது.

காலாவதியான இன்ஸ்பெக்‌ஷன் கண்ணுக்குத் தெரியாத விதிமீறல். கணக்கு எளிது. சுவர் இப்போது 12 மில்லிமீட்டர், குறைந்தபட்சம் வேண்டியது 9, வருடத்துக்கு 0.25 அரிக்கிறது என்றால் மிச்ச ஆயுள் 12 வருடம். அழுத்தக் கலன் ஆய்வுக்கான அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் விதி ஏபிஐ 510 வழக்கமாகச் சொல்வது, உள்பக்க ஆய்வு அதில் பாதிக்குள் அல்லது 10 வருடத்துக்குள், எது முன்னதோ அது. இங்கே 6 வருடம். பிஎஸ்விக்கு வழக்கமான சேவையில் 5 வருடம், சுத்தமான, அரிக்காத சேவையில் 10. ரிஸ்க் கணக்குப் போட்டு இவற்றை மாற்றும் ஆலைகளும் உண்டு, அப்படியானால் அந்தக் கணக்கு தாளில் இருக்க வேண்டும். அளந்தது எந்த இடத்தில் என்றும் கேளுங்கள். 2019 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா சுத்திகரிப்பு ஆலையில் கிழிந்த ஒரு எல்போ 1973 வாக்கில் பொருத்தியது. அதைச் சுற்றியிருந்த இடங்களில் தடிமன் அளந்துகொண்டிருந்தார்கள், அந்த எல்போவில் மட்டும் அளக்கவில்லை. அதன் உலோகத்தில் நிக்கலும் செம்பும் அதிகம், அதனால் அது மட்டும் வேகமாக மெலிந்து, மிக மெல்லிய இடத்தில் 0.3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தது.

ஆறாவது படி: சொல்லுங்கள், எழுதுங்கள்

முதலில் வாயால் உங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜிடம். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், இடத்தையும் எண்ணையும் சொல்லுங்கள்.

“சார், 204-பி பிஎஸ்வியோட பானட் ஓட்டையில பிளக் இருக்கு. அது பெல்லோஸ் டைப்தானே? திறந்திருக்கணும்னு படிச்சேன்.”

“அது ரொம்ப நாளா அப்படித்தான்ப்பா.”

“சரி சார், அப்போ லாக்புக்ல எழுதிடட்டுமா? இன்ஸ்பெக்‌ஷன்ல கேட்டுட்டுச் சொல்லட்டும்.”

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். அவரை மறுக்கவில்லை, அவர்மேல் பழி போடவில்லை, ஆனால் விஷயம் தாளுக்கு வந்துவிட்டது. எழுதும்போது தேதி, நேரம், கருவியின் எண், கண்ணால் பார்த்தது, யாரிடம் சொன்னது, அவர் சொன்ன பதில், இவ்வளவுதான். ‘ஆபத்தான அலட்சியம்’ போன்ற பெரிய வார்த்தைகள் வேண்டாம், அவை வாதத்துக்கு இழுக்கும். உங்களுக்கென்று ஒரு குறிப்பு நகல் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள், வாயு இருக்கும் இடத்தில் சாதாரணப் போனை வெளியே எடுப்பதே இன்னொரு விதிமீறல்.

உடனடி ஆபத்து என்றால் வேறு முறை. காலியா என்று உறுதியாகாத ஃபிளாஞ்சைத் திறக்கச் சொன்னால், பூட்டு இல்லாமல் உள்ளே போகச் சொன்னால், ‘இது முடியாது, பர்மிட்டில் இல்லை’ என்று சொல்லி நிறுத்துங்கள். பெரும்பாலான ஆலைகளில் வேலையை நிறுத்தும் உரிமை கடைநிலை ஊழியர்வரை எல்லோருக்கும் எழுத்தில் இருக்கிறது. பயன்படுத்தினால் முகம் சுளிப்பார்கள் என்பதும் உண்மைதான், குறிப்பாக நீங்கள் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால். அதனால் தனியாக நிற்காதீர்கள். சேஃப்டி கமிட்டிப் பிரதிநிதி, யூனியன், உங்கள் கான்ட்ராக்டரின் சேஃப்டி ஆள், இவர்களில் ஒருவரையாவது அதே ஷிஃப்டிலேயே கூப்பிடுங்கள்.

உள்ளே சொல்லிப் பயனில்லை என்றால் வெளியே அரசின் ஆய்வு அமைப்பு இருக்கிறது. உங்கள் நாட்டில் அதன் பெயர் என்ன, புகார் எப்படி, பெயரை மறைக்க முடியுமா என்பதை இப்போதே, பிரச்சினை வருமுன்னே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் செய்ததற்காகப் பழிவாங்கினால் அதை எதிர்க்கவும் காலக்கெடு உண்டு, அது பெரும்பாலும் குறுகியது. அமெரிக்காவில் பணிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 30 நாள்தான்.

அந்த நாட்டின் ப்ராசஸ் பாதுகாப்பு விதிகளில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. கருவியில் எல்லை மீறிய குறை தெரிந்தால், மேற்கொண்டு ஓட்டும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும், அல்லது பாதுகாப்புக்கு மாற்று ஏற்பாடு செய்துகொண்டு உரிய காலத்தில் சரிசெய்ய வேண்டும். ‘குறை தெரிந்தால்’ என்பதுதான் இதில் சாவி. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்குப் பிறகு, தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுதிவிட்டு விட்டுவிடாதீர்கள். அடுத்த ஷிஃப்டில் வந்ததும் லாக்புக்கைத் திருப்பி, உங்கள் வரிக்குப் பக்கத்தில் யாராவது பதில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வால்வுக்குப் போய் மறுபடி பார்த்துவிட்டு, அன்றைய தேதி போட்டு எழுதுங்கள்: ‘204-பி, பிளக் இன்னும் இருக்கிறது.’ அடுத்த ஷிஃப்டிலும்.